எழுதாத பதினொரு ஓட்டங்கள்

மார்ச் 4, செவ்வாய்

டாக்டர் மாற்றலாகிப் போய்ப் பதினான்கு மாதம். ஆளில்லாத நாற்காலியை எத்தனை நாள்தான் துடைப்பது? இன்று துணி போட்டு மூடிவிட்டேன்.

மூன்று மணிக்குப் பாம்பு கடித்தவர் ஒருவரைத் தூக்கி வந்தார்கள். அந்த மருந்து எங்கள் கிராமத்துச் சுகாதார நிலையத்தில் கிடையாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் இரண்டு மணி நேரம். அனுப்புமுன் மூன்று பிரதியில் படிவம் எழுத வேண்டும், முழுசாக இருபது நிமிடம். டிரைவர் அண்ணன் வழக்கம்போல, "எழுத்தெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் சிஸ்டர்" என்று வண்டியை எடுத்துவிட்டார். அந்த அப்புறம் ஒருநாளும் வந்ததில்லை. ஆள் பிழைத்துக்கொண்டார்.

மார்ச் 19

அக்காவுக்கு மறுபடி இழுப்பு. மாமா போன பிறகு என்னோடுதான் இருக்கிறாள். மூச்சு வாங்கிக்கொண்டே என் குழம்பில் உப்பில்லை என்கிறாள். அப்படியானால் பயமில்லை.

ஏப்ரல் 2

மேலிடத்திலிருந்து கடிதம். ஆறு மாதத்தில் ஆம்புலன்ஸ் இரண்டே முறைதான் ஓடியிருக்கிறதாம். பயன்பாடு குறைவு, ஆகவே நகரத்துக்கு மாற்றம். அங்கே ஏற்கெனவே ஆறு வண்டி நிற்கிறது.

போன் செய்து, பதிமூன்று முறை ஓடியது என்று கத்தினேன். அதிகாரி குரலை உயர்த்தவே இல்லை. "பதிவேட்டுல ரெண்டுதானேம்மா இருக்கு?"

பதினொன்றை எழுதாமல் விட்டவள் நான். யாரை நொந்துகொள்வது?

ஏப்ரல் 7

வண்டி போய்விட்டது. டிரைவர் அண்ணனும்.

ஏப்ரல் 26

மூன்று நாளாகப் பேனாவைத் தொடவில்லை. எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

புதன் காலை பத்து மணிக்கு அக்காவுக்கு இழுப்பு வந்தது. ஊசி போட்டேன், ஆக்ஸிஜன் வைத்தேன். உதடு நீலமாகிக்கொண்டே வந்தது. நகரத்திலிருந்து வண்டி வந்து சேரவே இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். பால் வேனை மறித்தேன். கேன்களுக்கு நடுவே பாய் விரித்து, அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். பாதி வழியில் சிலிண்டர் தீர்ந்தது.

"படிவம் எழுதிட்டியாடி?" என்று கேட்டாள். கிண்டல்தான். சாகும்போதும் கிண்டல். அதற்குப் பிறகு பேசவில்லை.

ஊர்ல உள்ளவங்களையெல்லாம் அனுப்பி வெச்சேனே, என் அக்காவை அனுப்ப ஒரு வண்டி இல்லையே — நான் யார்கிட்ட போய் அழுவேன்?

மே 11

சமையலில் உப்பு சரியாகத்தான் இருக்கிறது. சாப்பிட முடியவில்லை.

ஜூன் 10

இப்போதெல்லாம் தும்மினாலும் எழுதுகிறேன். அனுப்ப வேண்டியவர்களுக்கு மூன்று பிரதியும் முடித்த பிறகே வண்டி தேடுகிறேன். இன்று ஒரு குழந்தைக்கு வலிப்பு. "முதல்ல புள்ளையப் பாருங்கம்மா" என்றாள் தாய். ஊசி போட்டுவிட்டு மறுபடி எழுத உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வை! குழந்தை தப்பித்தது. நான் யாராக மாறிக்கொண்டிருக்கிறேன்?

ஜூலை 1

அதிகாரி பேசினார். ஏப்ரலிலிருந்து ஒன்பது பேரை அனுப்பியதாகப் பதிவாகியிருக்கிறதாம். பத்து இருந்தால் வண்டியைத் திருப்பிக் கேட்டு எழுதலாமாம். விட்டுப்போனது ஏதாவது உண்டா என்றார்.

ஒன்று உண்டு. அதை மட்டும் நான் எழுதவே இல்லை.

சாயங்காலம் உட்கார்ந்து எழுதினேன். பெண், வயது ஐம்பத்திரண்டு, மூச்சுத்திணறல். கிளம்பிய நேரம் பத்து நாற்பது. மூன்று பிரதி. இருபது நிமிடம்தான் ஆயிற்று.

எழுதிட்டேன்க்கா.