நீங்கள் நின்ற இடம்

மேக்னாவின் அப்பாவுக்கு,

மாடிப்படியில் நான் வழுக்கி விழுந்ததாக டாக்டரிடம் சொன்னீர்களே, வெட்கமாக இல்லை? நெற்றியில் நாலு தையல் போடும்போதுகூட வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது எழுதுகிறேன்.

தெரு நாடகத்துக்கு மேடை கிடையாது. சுற்றி நின்று பார்க்கிறவர்கள்தான் எங்களுக்குச் சுவர். லேக் மார்க்கெட்டில், விவசாயிகளின் நிலத்தைப் பிடுங்குவதைப் பற்றி நாங்கள் நடித்தபோது நீங்களும் முன்னால்தான் நின்றீர்கள். கட்சி ஆட்கள் தடியோடு வந்தார்கள். மீன் விற்கிற வங்காளி மாஷிகூட நகரவில்லை. "ஆபீஸ்ல தெரிஞ்சா வம்பு" என்று நீங்கள் விலகினீர்கள். அந்த இடைவெளி வழியாகத்தான் உள்ளே புகுந்து அடித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அதே இடத்தில் அதே நாடகம். உங்களைக் கூப்பிடவில்லை. "அவன் விட்ட எடத்துல நான் நிக்கறேன். எவன் வரான்னு பாக்கறேன்" என்று உங்கள் அம்மா சொல்லிவிட்டார்.

இப்படிக்கு,
உங்கள் அம்மாவின் மருமகள்