நாற்பது நிமிடம்

சாமி,

விமானக் கம்பெனி நேரத்தை மாற்றி, கடைசியில் என் டிக்கெட்டையே ரத்து செய்துவிட்டதாக நீ அனுப்பிய செய்தி வந்தது. வருத்தப்படாதே. ஒரு விமானக் கம்பெனியில் பறந்து பறந்து நீ சேர்த்த பாயின்ட்டைக் கொடுத்து, அதன் கூட்டாளிக் கம்பெனி விமானத்தில் எனக்கு இடம் பிடித்தாய். இரண்டுக்கும் நடுவில் இப்படி ஏதாவது ஆகத்தான் செய்யும்.

சேலம் ஜங்ஷன் ரிசர்வேஷன் கவுண்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்தவனுக்குக் கை சும்மா இருக்குமா? வண்டியை ரயில்வே ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும். பயணி ரத்து செய்தால் பிடித்தம் உண்டு. உன் பாயின்ட் ஒன்றுகூடக் குறையக் கூடாதே என்று பாயின்ட் கம்பெனிக்கு நானே போன் செய்தேன்.

தமிழ் பேசும் பெண் எடுத்தாள். "ஃபிளைட் ரத்தாகலைங்க சார், நேரம்தான் நாற்பது நிமிஷம் தள்ளியிருக்கு. டிக்கெட் எடுத்தவங்களே செவ்வாய்க்கிழமை கேன்சல் பண்ணிட்டாங்க. அதனால பாயின்ட்ல கொஞ்சம் பிடிப்பாங்க" என்றாள்.

வேலைக்குப் புதிது போலிருக்கிறது. "சரிம்மா" என்று வைத்துவிட்டேன்.

உனக்கென்று பக்கத்து வீட்டு அக்சிலியா சுட்டுக் கொடுத்த தட்டுவடை பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. தினம் காபியோடு இரண்டு எடுத்துக்கொள்கிறேன். உன் ஊர்க் குளிருக்கு வாங்கிய ஸ்வெட்டரை மடித்தபடியே விட்டிருக்கிறேன். சூரமங்கலத்து வெயிலுக்கு அதை என்ன செய்வது?

"ஏனுங்கண்ணா, மகன்கிட்டப் போகலீங்களா?" என்று நேற்று அக்சிலியா கேட்டாள். விமானக் கம்பெனி ரத்து செய்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். போனில் உன்னைக் கேட்டால், நீயும் அதையே சொல்லிவிடு.

அப்பா