நீங்கள் நலமென்றால் நானும் நலம்

செவ்வாய்க் கோள், இரண்டாம் நிலையம்
நாள் 212, காலை 07:10

துளைப்பான் இயங்குகிறது. காற்றழுத்தம் சீர். எழுதுபவர்: முனைவர் பொற்கொடி, நிலவியலாளர். இங்கே நான் மட்டும். முதல் நிலையத்தில் காபாலு மட்டும். ஜாம்பியாக்காரர், திருச்சியில் பொறியியல் படித்தவர். பொழுது போக அவருடைய தாய்மொழியான லுச்சாசியை வானொலியில் கற்கிறேன். இன்று தண்ணீர், கதவு, உப்பு. பிறகு மெதுவாக, சீக்கிரம், நாளைக்கு.

நாள் 219, காலை 07:05

இன்று வாழ்த்து. 'நன்றாக விழித்தீர்களா?' என்று கேட்டால், காபாலு வீட்டில் 'நீங்கள் நலமென்றால் நானும் நலம்' என்பதுதான் பதில். எதிரில் இருப்பவர் மோசமாக விழித்திருந்தால் தானும் மோசம் என்றே சொல்ல வேண்டுமாம். தர்க்கமில்லை என்றேன்.

"எங்கம்மாகிட்ட இப்படிப் பேசினா சோறு கிடைக்காது, டாக்டரம்மா. நீங்க வணக்கம் சொல்றதே ரேஷன் கடையில கார்டு நீட்டுற மாதிரி இருக்கு."

சிரித்தேன்.

நாள் 231, காலை 06:40

காற்றுச் சுத்திகரிப்பான் பழுது. மாற்றுப் பாகம் முதல் நிலையத்தில்தான் இருக்கிறது. காபாலு ஊர்தியில் கொண்டுவர வேண்டும்.

"நாளைக்குக் கிளம்பிடறேன். பயப்படாதீங்க."

தலைமையகம்: "துளைப்பை நிறுத்த வேண்டாம்."

நாள் 233, காலை 07:00

அவர் வரவில்லை. வழியில் மணல் புயலாம். என் கருவியில் புயல் எதுவும் தெரியவில்லை.

"நாளைக்குக் கிளம்பிடறேன். பயப்படாதீங்க."

நாள் 234, காலை 07:15

தலைவலி. இருமுறை வாந்தி. வாழ்த்து நேரத்தில் லுச்சாசியில் உண்மையைச் சொன்னேன்: மோசமாக விழித்தேன்.

"ரொம்ப சந்தோஷம். அப்ப நானும் நலம், டாக்டரம்மா."

மறுபடி சொன்னேன். மறுபடி சந்தோஷம் என்றார். என்னை எதற்கும் கேலி செய்பவர்தான். ஆனால் இதில் விளையாடுகிறவர் அல்ல.

தலைமையகத்திடம் நேரடியாகக் கேட்டேன்.

காலை 08:02

"பொறியாளர் காபாலு நாள் 229 அன்று விபத்தில் இறந்துவிட்டார். உங்கள் மன அமைதியைக் கருதி அவருடைய குரலை எங்கள் அமைப்பு தொடர்ந்தது. அதற்கு லுச்சாசி தெரியாது. குறைக்கு வருந்துகிறோம். துளைப்பை நிறுத்த வேண்டாம்."

குறை என்று அவர்கள் சொல்வது மொழி தெரியாததை.

ஆக, யாரும் கிளம்பவில்லை. யாரும் வரப்போவதில்லை.

நாள் 235, காலை 09:30

துளைப்பை நிறுத்திவிட்டேன். அதைப் பற்றித் தலைமையகம் ஒன்றும் சொல்லவில்லை. வேறொன்று கேட்டது.

"மூன்றாம் நிலையத்துக்குச் செந்தாமரை என்ற பொறியாளர் வந்திருக்கிறார். தனியாக இருக்கிறார். அவருக்காகக் காலை வாழ்த்துகள், அன்றாடச் சொற்கள் சிலவற்றை நிதானமாகப் பேசிப் பதிவு செய்து அனுப்புங்கள்."

ஒலிவாங்கியின் கம்பியை வெட்டினேன்.

காலை 11:20

மூச்சு வாங்குகிறது. விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. என்னுடைய ஏழு மாதப் பேச்சு ஏற்கெனவே அவர்களிடம் இருக்கிறது. கம்பியை வெட்டியபோது இது தோன்றவில்லை.

பொது அலைவரிசையில் ஓர் இளம்பெண். செந்தாமரையாகத்தான் இருக்கும்.

"அக்கா, காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"உப்புமாதான். நீ சாப்பிட்டியாம்மா? வேலை கிடக்கட்டும், முதல்ல சாப்பிடு."

என் குரல். இத்தனை கனிவாக நான் யாரிடமும் பேசியதே இல்லை.

அவள் சிரிக்கிறாள். தூக்கம் வரவில்லை, பயமாக இருக்கிறது என்கிறாள். என் குரல் அவளிடம், நாளைக்கு நானே கிளம்பி