மார்ச் முப்பத்தொன்று வரை செல்லும் தாடி

ஜனவரி 9

பத்தொன்பது வருடமாகக் காவல்காரன் வேஷம். "காஜியார் வருகிறார், வழி விடுங்கள்!" என்று கத்திவிட்டு ஈட்டியோடு ஓரமாக நிற்பதுதான் என் கலைப்பணி. இன்று இயக்குநர் தோஸ்த்மத் கூப்பிட்டு, நவ்ரூஸ் புத்தாண்டு நாடகத்தில் லஞ்சம் வாங்கும் அந்தக் காஜியே நான்தான் என்றார். ஒரே நிபந்தனை: தாடி சொந்தமாக இருக்க வேண்டும். போன வருடம் மூன்றாம் அங்கத்தில் ஆட்டுமயிர்த் தாடி கழன்று புலாவ் தட்டில் விழுந்ததை ஊர் இன்னும் மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவி சவ்ரியிடம் சொன்னேன்.

"தாடியா? இந்த ஊர்லயா? எங்கண்ணன் கதை மறந்துபோச்சா?"

மறக்குமா? அவள் அண்ணன் ஹிக்மத்துல்லோ ரொட்டி சுடுகிறவர், ஐந்து வேளையும் தொழுகிறவர். இரண்டு வருடம் முன்பு போலீஸ்காரர்கள் சந்தையில் பிடித்துக் கொண்டுபோய் அவர் தாடியை வழித்து அனுப்பினார்கள்; இங்கே தாடி என்றாலே மதத் தீவிரம் என்று ஒரு சந்தேகம். அன்றிலிருந்து பேசும்போதெல்லாம் மோவாயைத் தடவிக்கொண்டே இருக்கிறார், அங்கே ஏதோ மிச்சம் இருப்பதுபோல.

ஆனால் நான் நடிகன். பத்தொன்பது வருடம் காத்திருந்தவன். வளர்ப்பேன்.

ஜனவரி 24

பாலத்தருகே பிடித்துவிட்டார்கள்.

"எதுக்குத் தாடி?"

"நாடகத்துக்கு."

"தோல் வியாதின்னு சொல்லுவாங்க, அப்பா செத்துட்டார்னு சொல்லுவாங்க. இது புதுசா இருக்கு," என்று பாராட்டிவிட்டு உள்ளே கூட்டிப் போனார்கள். பதினைந்து நாள் உழைப்பு, நான்கு நிமிடத்தில் தரையில். காசு வாங்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

ஜனவரி 26

தோஸ்த்மத் என்னைக் கலாசார அதிகாரி நஸ்ரியேவிடம் இழுத்துப் போனார். தாடி வைக்கக் கூடாது என்று சட்டத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்று நான் கேட்டேன். எங்கேயும் எழுதவில்லையாம். அதனால்தான் அனுமதி தருவது கஷ்டமாம்.

கடைசியில் எழுதித் தந்தார். "மேற்படி ஷோத்மானின் முகத்திலுள்ள தாடி கலைப்பணிக்கானது. மதச்சார்பற்றது. மார்ச் 31 வரை செல்லும்." கீழே வட்ட முத்திரை.

மதச்சார்பற்ற தாடி! சவ்ரி அதைப் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து சிரித்தாள்.

பிப்ரவரி 9

அரிக்கிறது.

பிப்ரவரி 18

பக்கத்து வீட்டில் சுன்னத்து விருந்து. நான் எப்போதும் வாசல் பக்கம் உட்காருகிறவன். இன்று தாடியைப் பார்த்ததும் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்ப் பெரியவர்கள் வரிசையில், புது மெத்தையில் உட்காரவைத்தார்கள். முதல் தட்டு எனக்கு. ஆட்டின் கொழுப்பு வால் துண்டும் எனக்கே.

சாப்பிட்டு முடிந்ததும் எல்லோரும் கை ஏந்தினார்கள். எல்லாக் கண்களும் என் மேல். விருந்து முடிந்து கேட்கும் துஆவை, பிரார்த்தனையை, நான்தான் செய்ய வேண்டுமாம்! எனக்குத் தெரிந்ததெல்லாம் நாடக வசனம். கண்ணை மூடி, உதட்டுக்குள்ளேயே இரண்டாம் அங்கத்துத் தீர்ப்பை முணுமுணுத்தேன்: "கழுதை வாதிக்கு, சேணம் பிரதிவாதிக்கு, வால் நீதிமன்றத்துக்கு." கடைசியில் சத்தமாக "ஆமீன்". எல்லோரும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். இரண்டு பெரியவர்கள் கண்ணைத் துடைத்தார்கள்.

வழவழ மோவாயோடு வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த ஹிக்மத்துல்லோ மட்டும் ஏமாறவில்லை. தெருவில் பிடித்துக்கொண்டார்.

"நான் அல்லாவுக்காக வளத்தேன், வழிச்சாங்க. நீ பொய்க்காக வளக்குறே, முத்திரை குத்திக் குடுக்குறாங்க. இது என்ன நியாயம் மாப்ள?"

"மதம் வேற, அரசாங்கம் வேறன்னு சொல்றாங்க மச்சான்."

"ரெண்டும் வேறன்னா, என் மோவாய் எந்தப் பக்கம்?"

வேகமாக வீட்டுக்கு நடந்தேன். இன்னும் தூக்கம் வரவில்லை. கொழுப்பு வால் வேறு நெஞ்சைக் கரித்துக்கொண்டிருக்கிறது.

பிப்ரவரி 20

ஹிக்மத்துல்லோ காலையிலேயே சூடான ரொட்டியோடு வந்தார். எங்கள் கல்யாணத்தின்போது நாடகக்காரனுக்குப் பெண் கொடுப்பது பாவம் என்று குதித்தவர். டீ குடித்தார். மறுபடி டீ குடித்தார். சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"ஒங்க நாடகத்துல... கூட்டத்துல நிக்கறதுக்கு ஆளு கீளு வேணுமா?"

பிப்ரவரி 27

பள்ளிவாசலில் எப்படியோ செய்தி பரவியிருக்கிறது. கூட்டத்தில் நிற்க இன்றோடு பதினான்கு பேர்! எல்லோரும் ஒரு வாரத் தாடியோடு, முத்திரைச் சீட்டுக் கேட்டு. தோஸ்த்மத்துக்கு வாயெல்லாம் பல். "நேரத்துக்கு வர்றாங்க, குடிச்சிட்டு வரலை. இருபது வருஷத்துல இப்படி நடிகருங்களப் பாத்ததில்லப்பா!" தொழுகை நேரத்தில் மட்டும் ஒத்திகை நின்றுவிடுகிறது.

இன்னொரு தொல்லையும் இருக்கிறது. நான் கழுதைத் தீர்ப்பைச் சொன்னதும் கூட்டத்திலிருந்து ஒருவர், "காஜி இப்படித் தீர்ப்பு சொல்ல மாட்டாரு, சாட்சி எங்க?" என்று எழுந்துவிட்டார். அது நகைச்சுவை என்று விளக்க முக்கால் மணி நேரம் ஆனது.

மார்ச் 6

நஸ்ரியேவ் ஒத்திகை பார்க்க வந்தார். மேடையில் பதினைந்து தாடி.

"இது நாடகமா, பள்ளிவாசலா?"

"இருநூறு வருஷத்துக்கு முந்தின கதை சார்," என்றார் தோஸ்த்மத்.

"அந்தக் காலத்துல நாவிதனே இல்லையா?"

"தாடி வளர்றது மதமா சார்?" ஹிக்மத்துல்லோ முன்னால் வந்து நின்றார். "அது பாட்டுக்கு வளருது."

"அது வீட்டுல வளரட்டும். இது அரசாங்க மேடை."

"வீட்டுல வளத்ததத்தானே சந்தையில வச்சு வழிச்சீங்க?"

நஸ்ரியேவ் கோப்பைத் திறந்து மூடினார். நாளை மறுநாளுக்குள் எல்லாத் தாடியும் போக வேண்டும், என்னுடையதும் சேர்த்து. சீட்டு ரத்து. ஆட்டுமயிர் ஒட்டிக்கொள்ளலாம்.

என் தாடி என்ன பாவம் செய்தது? நாற்பது நாள்! கண்ணாடி முன் நின்று தடவிப் பார்த்தேன். அழுகை வந்தது. அழுதேன்.

மார்ச் 7

கதவைத் தட்டினார்கள். நஸ்ரியேவ், தனியாக, நடந்து வந்திருக்கிறார். கையால் தாடியை மூடிக்கொண்டேன்.

"நாளைக்கு வழிக்காதே. நாளை மறுநாள் வழி."

"ஏன் சார்?"

அவர் அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. பத்தாம் தேதி ஒரு கண்ணுக்கு அறுவை சிகிச்சை. துஆ செய்யாமல் கத்தியைக் கிட்டேயே விடமாட்டேன் என்கிறாராம். விருந்தில் பெரியவர்களை அழவைத்த தாடிக்காரர் யாரோ, அவர்தான் வேண்டுமாம்.

"ஓதத் தெரிஞ்சவங்களக் கூட்டிட்டுப் போங்களேன்."

"நான் ஒரு மௌலவிய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா சாயங்காலத்துக்குள்ள மேலிடத்துக்குத் தெரிஞ்சிடும். நீ நடிகன். கலாசார அதிகாரி வீட்டுக்கு நடிகன் வந்தா யார் கேப்பாங்க?"

மார்ச் 8

எங்கள் நாட்டில் இன்றுதான் அன்னையர் தினம். நஸ்ரியேவின் தாயார் ஒய்நிசோ அம்மா என் தாடியைத் தொட்டுப் பார்த்தார். "வருஷா வருஷம் இந்த நாள்ல பூ வாங்கிட்டு வருவான். இந்த வருஷந்தான் உருப்படியா ஒண்ணு கொண்டுவந்திருக்கான்."

கை ஏந்தினார்.  கழுதைத் தீர்ப்பு என் நாக்கு நுனி வரை வந்தது. வெளியே வரவில்லை. "இந்தம்மாவுக்குக் கண் தெரியணும், பயம் போகணும்" என்று நம் பேச்சிலேயே சொன்னேன். அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. சன்னல் பக்கம் திரும்பி நின்ற நஸ்ரியேவ், "ஆமீன்" வரும்போது மட்டும் முகத்தைத் தடவிக்கொண்டார். வியர்வை துடைப்பதுபோல.

மார்ச் 9

வழித்தாயிற்று. கண்ணாடியில் பழைய காவல்காரன்.

பதினான்கு பேரில் பதின்மூன்று பேர் போய்விட்டார்கள். ஹிக்மத்துல்லோ மட்டும் வழித்த முகத்தோடு நிற்கிறார். "ஒட்டுத் தாடி வைக்க மாட்டேன். ஆனா அந்தக் கழுதை கேஸ் என்னாகுதுன்னு பாக்கணும்."

மார்ச் 21

நவ்ரூஸ். அரங்கு நிறைந்த கூட்டம். மூன்றாம் அங்கத்தில் ஆட்டுமயிர் மறுபடியும் புலாவில் விழுந்தது. நான் என்ன செய்வேன்? எடுத்து உதறி, "இதையும் நீதிமன்றம் பறிமுதல் செய்கிறது," என்றேன். ஐந்து நிமிடம் கைதட்டல்! பத்தொன்பது வருடத்தில் எனக்கு விழுந்த முதல் கைதட்டல்.

திரைக்குப் பின்னால் இருவர் காத்திருந்தார்கள்.

"மார்க்கத்தக் கேலி பண்றியா?" இது ஹிக்மத்துல்லோ.

"அரசாங்க உத்தரவக் கேலி பண்றியா?" இது நஸ்ரியேவ்.

"பசை சரியில்ல," என்றேன். இருவரும் நம்பவில்லை. முதல்முறையாக ஒரே விஷயத்தில் ஒத்துப்போனார்கள்.

ஏப்ரல் 3

நஸ்ரியேவ் காரோடு வந்தார். நாளை அம்மாவுக்கு இரண்டாவது கண். அதே தாடிக்காரர் வேண்டுமாம்.

"தாடிதான் போயிடுச்சே சார்."

இருக்கையிலிருந்து ஒரு பையை எடுத்தார். ஆட்டுமயிர்த் தாடி! நாடகக் குழுவிடம் முறைப்படி கடிதம் கொடுத்து வாங்கி வந்திருக்கிறார். பசையும் இருந்தது.

போன தடவைபோல மறுபடியும் திணற என்னால் முடியாது. "எனக்கு ஓதத் தெரியாது. தெரிஞ்சவரக் கூட்டிட்டு வரேன்," என்று ஹிக்மத்துல்லோவை ரொட்டி அடுப்பிலிருந்து இழுத்து வந்தேன். நஸ்ரியேவ் தாடியை அவரிடம் நீட்டினார்.

"ஒட்ட மாட்டேன். ஓதுறது நெஜம்னா மூஞ்சியும் நெஜமா இருக்கட்டும்."

காருக்குள்ளேயே ஒப்பந்தம் ஆனது. தாடி எனக்கு. ஹிக்மத்துல்லோ என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து ஓதுவார், நான் உதட்டை அசைப்பேன். மதச்சார்பற்ற நம் நாட்டின் கலாசார அதிகாரி தன் கையாலேயே என் மோவாயில் பசை தடவினார்.

எல்லாம் சரியாகத்தான் போனது. ஹிக்மத்துல்லோவின் குரல் அறையை நிறைத்தது, நான் அழகாக உதட்டை அசைத்தேன். நாங்கள் மூவரும் ஒன்றை மறந்திருந்தோம். அம்மாவுக்கு முதல் கண் இப்போது நன்றாகத் தெரிகிறது.

ஒய்நிசோ அம்மா பாதி ஓதுகையில் கையைத் தூக்கி நிறுத்தினார். என் மோவாயை உற்றுப் பார்த்தார்.

"அதக் கழட்டிடுப்பா, அரிக்கும் பாவம். பின்னாடி ஒக்காந்திருக்கிற தம்பி முன்னாடி வரட்டும்."

ஹிக்மத்துல்லோ வழித்த மோவாயோடு முன்னால் வந்து உட்கார்ந்தார். விட்ட இடத்திலிருந்து ஓதினார். ஒரு தடவைகூட மோவாயைத் தடவவில்லை. நான் தாடியை மடியில் வைத்துக்கொண்டு கை ஏந்தினேன். பக்கத்தில் பார்த்தேன். நஸ்ரியேவ் இந்த முறை சன்னல் பக்கம் திரும்பவில்லை. அவரும் கை ஏந்தியிருந்தார், விரலெல்லாம் பசை.