ஆமை கடலுக்குப் போய்ச் சேர்ந்ததா

1961 செப்டம்பர் 23, சனி

விடியலிலிருந்து மழை. சிராங்கூன் ரோட்டில் இரண்டு எருமையும் ஒரு டிரைஷா வண்டியும் கடல் வரைக்கும் மிதந்து போனதாகக் கேள்வி. கேள்விப்பட வைத்தவன் நான்தான்.

இன்றைய ராஜகாரியம்: அஞ்சலைக்கு நூலக அட்டை. போன வருஷம் வெல்ஃபேர் ஆபீஸ் அம்மா என் அக்காவிடம் வளர்க்கக் கொடுத்துவிட்டுப் போன பிள்ளை. எட்டு வயது. தாய் இல்லை, தகப்பன் ஜொகூர் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில். மளிகை சுற்றி வந்த காகிதத்தைக்கூட விடாமல் படிக்கும்.

நூலகத்தில் மேசைக்காரப் பெண் (நம்ம தமிழ்ப் பிள்ளைதான்) என்னைப் பார்த்து, அப்பாவா என்றாள். மாமா என்றேன். அம்மாவின் தம்பியா? இல்லை, வளர்க்கிற வீட்டு அக்காவின் தம்பி. அப்போ ரத்த உறவு இல்லையே என்றாள். ஒரே சட்டி ரசம், அது போதாதா என்றேன். சிரிக்கவில்லை. தகப்பன் கையெழுத்து வேண்டுமாம். வெளியூரில் இருப்பவர் கையெழுத்துக்கு எங்கே போவது? உள்ளே போய்ப் பெரிய அதிகாரியைக் கேட்டுவிட்டு வந்தாள்.

"புத்தகம் தொலைஞ்சா யார் பொறுப்பு?"

"மிளகாய் மில் மகாராஜா. நான்தான்."

கை கழுவிவிட்டு வந்து கையெழுத்துப் போடச் சொன்னாள். நகமெல்லாம் மிளகாய்ப் பொடி. நான் கழுவியதில் சிங்கப்பூர் ஆறே சிவந்திருக்கும்.

திரும்பி வரும்போது செலகி ரோடு முழுக்க அஞ்சலை அட்டையைக் கையில் பிடித்தபடியே நடந்தாள். அவள் பெயர் அச்சாகி இன்றுதான் முதல் தடவை பார்க்கிறாளாம்.

அக்டோபர் 14, சனி

வெயில். மில்லில் தும்மல், ஆயிரத்துக்குக் குறையாது. புதுப் புத்தகம்: மலையில் பிறந்த ஆமை கடலைத் தேடிப் போகிறது. தினம் சாயங்காலம் ஒரு அத்தியாயம், அஞ்சலை எனக்குச் சத்தமாகப் படிப்பாள். கூட ஒரு வரி கேட்டாலும் கிடையாது. கண்டிப்பில் கவர்னர் தோற்றார்.

அக்டோபர் 17, செவ்வாய்

ஆமை ஆற்று முகத்துவாரம் வரை வந்துவிட்டது. கடைசி அத்தியாயம்தான் பாக்கி. நாளைக்குப் பூஜை, படிக்கக் கூடாது. அஞ்சலை தானாகவே புத்தகத்தைச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கின் உச்சியில் வைத்தாள். சாமியும் படிக்கட்டும் என்றாள்.

அக்டோபர் 18, புதன்

பூஜை. சுண்டல். அக்கா எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள், நூலகப் புத்தகம், மில் தராசு, என் நெற்றி.

மதியம் வெல்ஃபேர் அம்மா. கூடவே தகப்பன். மெலிந்த ஆள், கையில் தொப்பி. மறுபடி கல்யாணம் ஆகிவிட்டது, தோட்டத்தில் வீடு கொடுத்திருக்கிறார்கள், பிள்ளையைக் கூட்டிப் போகிறேன் என்றார். காகிதமெல்லாம் சரியாக இருக்கிறது என்றார் வெல்ஃபேர் அம்மா. அடுத்த மாதம்தான் கூட்டிப் போவார் என்று முன்பு சொல்லியிருந்தார்களே. இன்றைக்குத்தான் லீவு கிடைத்ததாம். நல்ல மனுஷன். கெட்டவனாக இருந்திருந்தால் தேவலை.

"அங்க நூலகம் இருக்காப்பா?"

"ரப்பர் மரம் இருக்கும்மா."

கிண்டல் இல்லை. அவருக்குத் தெரிந்தது அதுதான்.

அஞ்சலை புத்தகத்தைப் பார்த்தாள். அக்கா குறுக்கே நின்றாள். இன்றைக்குத் தொட்டால் பிள்ளைக்குப் படிப்பு வராமல் போகும் என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. யாரும் தொடவில்லை. நானும்தான். இந்த மகாராஜா.

வாசலில்: "மாமா, ஆமை போய்ச் சேந்துச்சா?"

சேர்ந்துச்சாவா, கடலே எழுந்து மாலையோடு வந்து கூட்டிப் போனது என்றேன்.

"நெஜமா சொல்லுங்க."

இன்று ராத்திரி தஞ்சோங் பகாரில் அவர்கள் சொந்தக்காரர் வீட்டில்தான் தங்கல். காலையில் பூஜை முடிந்ததும் புத்தகத்தோடு வருகிறேன், நீயே படி என்றேன். சரி என்றாள்.

சுண்டல் மீந்துவிட்டது.

அக்டோபர் 19, வியாழன்

தூறல். அக்கா கற்பூரம் காட்டியதும் புத்தகத்தை எடுத்தேன். உள்ளே அஞ்சலையின் நூலக அட்டை. தஞ்சோங் பகார். அந்த வீட்டுக்காரி கதவைப் பாதி திறந்து சொன்னாள்: முதல் ரயிலுக்கே போய்ட்டாங்க லா, பிள்ளை வாசல்லயே உக்காந்திருந்துச்சு.

தோட்டத்தின் பெயர் அவளுக்குத் தெரியாது. வெல்ஃபேர் அம்மாவைக் கேட்டேன், சொல்லக் கூடாதாம்.

மில்லுக்குப் போகவில்லை.

அக்டோபர் 21, சனி

நல்ல வெயில். நூலகம். மேசைக்காரப் பெண் புத்தக மேலட்டையிலிருந்த குங்குமத்தைத் தேய்த்துப் பார்த்தாள். சரஸ்வதி கையெழுத்து என்றேன். எங்கே அவள் என்றாள். சொன்னேன். புத்தகத்தை எடுத்து வைக்காமல் என் பக்கமே தள்ளினாள்.

பிள்ளைகள் நாற்காலியில் முழங்கால் காதில் இடிக்க உட்கார்ந்து கடைசி அத்தியாயம் படித்தேன். சத்தமாகத்தான். ஒரு சீனப் பையன் திரும்பிப் பார்த்தான்.

போய்ச் சேர்ந்தது. மாலை இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு அலை வந்தது, ஆமை உள்ளே போனது, அவ்வளவுதான்.

ஊரை விட்டுப் போனவர்கள் நூலக அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றாள். தொலைந்துவிட்டது என்றேன். அவள் என் சட்டைப் பையைப் பார்த்தாள். புத்தகத்தை எடுத்து உள்ளே வைக்கப் போனாள்.