கியரில் போட்டாலும் நிற்காத வண்டி

போடி
ஐப்பசி மாதம், வெள்ளிக்கிழமை

பினாங்கில் மோட்டார் பட்டறையில் வேலை பார்க்கும் அன்பு மகன் பேச்சிமுத்துவுக்கு ஆத்தா வேலுத்தாய் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் தங்கச்சி செல்லத்தாயும் மாப்பிள்ளை மொக்கச்சாமியும் இருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுது.

நீ போட்ட கடுதாசி வந்தது. உங்க அய்யா போய் மூன்றாம் மாதம் நடக்கிறது, நீ என்னடா என்றால் முதலாளி வாங்கிப் போட்ட அந்த அமெரிக்க வண்டிக்குக் கியர் எண்ணெய் அளவு பார்க்கச் சொல்லு, எஞ்சின் ஓடும்போதே பார்க்கச் சொல்லு, சமதளத்தில் நிறுத்திப் பார்க்கச் சொல்லு என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். குரங்கணி மலை ரோட்டில் சமதளத்துக்கு நான் எங்கேயப்பா போவேன், அங்கே ஒரு சொம்பை வைத்தாலே உருண்டு போகும். நான் ஏலக்காய் தரம் பிரிக்கிற கிட்டங்கி வாசலில்தான் அந்த வண்டி நிற்கிறது, தினமும் அதன் முகத்தில்தான் முழிக்கிறேன். இங்கே உள்ளவர்கள் எஞ்சினை அணைத்துவிட்டுக் அளவுக் குச்சியை விட்டுப் பார்த்து நிறைய இருக்கிறது என்கிறார்கள், ஆனால் மேடு ஏறினால் அது இரைகிறது, இழுக்க மாட்டேன் என்கிறது. டிரைவர் ராக்கையா, கெட்டியா இருந்தாத்தான் வலு என்று பழைய ஜீப்புக்கு ஊற்றுகிற கட்டி எண்ணெயைக் கொண்டாந்துவிட்டார், நான் கூப்பாடு போட்டு நிறுத்தினேன். அந்த வண்டிக்குக் கிளச்சு கிடையாது, கியர் தானாக மாறும், எஞ்சினை அணைத்துவிட்டால் கியரில் கிடந்தாலும் சக்கரத்தைப் பிடிக்காது என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாய் பார், அதைத்தானேடா முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும்.

கை பிரேக்கை நம்பாதே கியரை நம்பு என்பது இங்கே டிரைவர்மார் எல்லாருக்கும் பாடம், உங்க அய்யா ஆயுசு முழுக்க ஜீப்பை அப்படித்தான் நிறுத்தினார். அன்றைக்கும் இறக்கத்தில் மரக்கிளை விழுந்து கிடக்கிறது என்று எஞ்சினை அணைத்து, கியரில் போட்டுவிட்டுத்தான் இறங்கியிருப்பார். கிளையை இழுத்துக்கொண்டிருந்தவர் மேல் வண்டி வந்துவிட்டது. ஊர் என்ன சொல்லுகிறது தெரியுமா, வயசாயிருச்சுல்ல, கியர்ல போடாம எறங்கிட்டாரு என்கிறது. முதலாளியும் இழவு வீட்டில் உட்கார்ந்துகொண்டு, பாவம் மறதி என்றார்.

இதில் மாப்பிள்ளை வேறு திங்கட்கிழமை முதல் அதே வண்டியை ஓட்டுகிறேன் என்று ஒத்துக்கொண்டு வந்து நிற்கிறார். செல்லத்தாய் அழுகிறாள். உன் கடுதாசியை எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டினேன், சிரிக்கிறார். கியர்ல கெடக்குற வண்டி எப்பிடி அத்தே உருளும், பேச்சிமுத்து மச்சான் சீமையில எதையோ பாத்துட்டு எழுதுறாரு என்கிறார். சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. அதனால் நேற்று கிட்டங்கிக் களத்தில் அவரை வண்டியில் ஏறி உட்காரச் சொன்னேன், கியரில் போடுங்க, எஞ்சினை அணைங்க, கை பிரேக்கை விடுங்க என்றேன். நானும் என்கூடக் காய் பிரிக்கிற சோலையம்மாளும் ஆயம்மாளும் இன்னும் நாலு பேரும் பின்னால் போய்த் தள்ளினோம். ஏலக்காய் காய்கிற பாயைத் தாண்டி அது பாட்டுக்குப் போகிறதப்பா. ஏ ஆத்தாடி, தொட்டில் மாதிரி போகுதுடி என்று ஆயம்மாள் கத்தினாள். மாப்பிள்ளை பிரேக்கை மிதித்து நிறுத்தினார். அப்புறம் இறங்கி நாலு சக்கரத்துக்கும் தானே கல் எடுத்து வைத்தார். மாமா கியர்லதான் அத்தே போட்ருக்காரு என்றார்.

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். மாமா மேல தப்பில்லைன்னு இத்தன பேருக்கு முன்னால சொல்லுங்க, அப்பறந்தான் சாவியத் தொடுவேன் என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். மலையில் லோடு மழையில் கிடக்கிறது, முதலாளி இன்னும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் இன்றோ நாளையோ சொல்லித்தான் ஆகவேண்டும், சொன்னால் இந்தப் பிள்ளை ஏறத்தான் போகிறார், அவர் பிடிவாதம் உனக்குத் தெரியும். அதனால் எந்த எண்ணெய், எப்படிப் பார்க்க, இறக்கத்தில் எந்தக் கியர் என்று வெரசா எழுது. எனக்கு எழுதாதே, மாப்பிள்ளை பேருக்கே எழுது. பயமான காரியத்தை முதல் வரியில் எழுது.

பரமசிவன் உன்னைக் காப்பாற்றுவார், நன்றாக இரு. நீயும் எந்த வண்டிக்கு அடியில் படுத்தாலும் முதலில் கல் வைத்துக்கொள் அப்பு.

உன் ஆத்தா
வேலுத்தாய்