குழவிக்கு அடியில் உங்கள் குரல்

கீழக்கரை, 1986

மச்சான், ஸலாம்.

துபாயிலிருந்து நீங்கள் பேசி அனுப்பிய கேசட்டை வழக்கம்போல எல்லோரும் கூடி உட்கார்ந்துதான் கேட்டோம். மூன்றாவது பிரசவத்துக்குப் பிறகு நான் அனுப்பிய போட்டோவைப் பற்றி, "அரிசி மூட்டைக்கு ஏன்டி சேல கட்டி அனுப்பிருக்கே?" என்று சிரித்தீர்கள். உங்கள் கூடப்பிறந்த லாத்தாவும் சிரித்தார். பிள்ளை என் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தான்.

அவனை இறக்கிவிட்டு அம்மிக் குழவியைத் தூக்கிவந்தேன். முதல் அடியில் டேப்ரெக்கார்டரின் மூடி தெறித்தது. நீங்கள் அப்போதும் பேசிக்கொண்டிருந்தீர்கள். குரல் நிற்கும்வரை அடித்தேன். நாடா குடலைப்போல வெளியே சரிந்தது. லாத்தா செருப்புகூடப் போடாமல் ஓடிவிட்டார்.

விடுமுறைக்கு வந்தால் நேரே உங்கள் உம்மா வீட்டுக்குப் போங்கள். நம் ஊர் வழக்கப்படி என் வாப்பா எனக்கு எழுதித் தந்த வீடு இது. குழவியைக் கழுவி வாசலிலேயே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அரிசி மூட்டை